ரெண்டு சீட்டு ஹெலிகாப்டர்

ஏனுங்க்கா, இந்தப் பையைச் சித்தே மடியில வெச்சுக்கிறீங்ளா? நிக்கறதுக்கே எடமில்ல. ஒரு கையில கம்பி, ஒரு கையில பைன்னா வளைவுல ஆர் மேலயாச்சும் போய் விழுந்துருவேன். நன்றிங்க. அப்படிப் படுக்க வெச்சுராதீங்க, நிமித்தியே வெச்சுக்குங்க. உள்ள ஒரு பாட்டில் இருக்குது. மூடி கொஞ்சம் லூசு.

வாசம் அடிக்குதுங்ளா? தின்னருங்க. நமக்கு மோட்டார் காயில் கட்டற வேலை. வார்னீஷ் கழுவறதுக்குத் தின்னர் இல்லாம எங்க பொழப்பு ஓடாது. இல்லீங்க, இன்னிக்கு வேலைக்குப் போகல. லீவு போட்டுட்டு வேற சோலியாப் போறேன். பாட்டில் சும்மா கூட வருது.

நீங்க வேலாங்காடுங்ளா? அட, நானும் அங்கதானுங்க எறங்கணும். இதுக்கு முந்தி வந்ததில்ல. ஓடைப்பாலம் தாண்டுனதும் ஒரு தண்ணித்தொட்டி, அதுக்கு எதுத்தாப்புல ஸ்டாப்புன்னு சொன்னாங்க. சரிதானுங்ளே? வந்தாச் சொல்லுங்க்கா. அங்க பள்ளிக்கூடம் எத்தன மணிக்குங்க விடறாங்க? நாலேகாலா. இப்ப மூணேகால். நேரம் கெடக்குது.

என்ற புள்ள அங்க ஒண்ணாப்புப் படிக்குதுங்க. சுபிக்ஷான்னு பேரு. அவளுக்கு ஒரு சாமான் குடுக்கோணும், அதுக்குத்தான் போறேன். அந்தப் பையில மேலாப்புலயே இருக்குது பாருங்க, எடுங்க. ஆ, அதேதான். பாக்க நெம்ப சின்னதாத் தெரியுது, கையளவு கூட இல்ல. ஆனா வேலைப்பாடு இருக்குதுங்க அதுல! இப்ப ரோபோவாட்ட நிக்குதா? ஏழு மடிப்பு மடிச்சா ஹெலிகாப்டர் ஆயிரும். மொதல்ல தலையை உள்ள அமுக்கோணும். அப்புறம் ரெண்டு கையையும் முதுகுப்பக்கம் கொண்டு போகோணும். காலைச் சேத்து வாலாக்கோணும். நெஞ்சைத் திறந்தா றெக்கை வெளிய வரும். முறை தெரிஞ்சு திருப்புனா வெண்ணெயாட்டத் திரும்பும். முறை தெரியாம வளைச்சா ஒடிஞ்சு போயிரும். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குதுல்லங்க? பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதுன்னு கடைக்காரன்கூடக் கேட்டான். என்ற புள்ளைக்கு நான் வாங்கறேன், உனக்கு என்னன்னு கேட்டுட்டேன். ஆறாவது பொறந்த நாளுக்கு வாங்கிக் குடுத்தது.

அவங்கம்மாளா? இருக்கறாளே, பூங்கொடி. அவளும் அங்கதான் இருக்கறா. வேலாங்காட்டுல.

எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. நீங்க அக்காளாட்ட இருக்கறீங்க, அதனால சொல்றேன். அவ என்னை விட்டுப்போட்டுப் போயி ஒரு வருசமும் மூணு மாசமும் ஆச்சு. சண்டை போட்டுட்டுப் போயிருந்தாக் கூட மனசு ஆறிப்போகுங்க. சிரிச்சுக்கிட்டே போனா.

ஞாயித்துக்கெழமை மத்தியானம். சோத்தைச் சட்டியில போட்டு, உப்புப் போட்டு, நல்லாப் பிசைஞ்சு முன்னால வெச்சா. தயிர் இல்லீங்க, வாங்கிட்டு வந்தர்றேன்னா. சொம்பு ஒண்ணு கையில. தயிருக்கு எதுக்குடி புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டேன். காத்தாட நடந்துட்டு வரட்டுமேன்னா. என்ற மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சாளுங்க. ரெண்டு வருசமா அவ என்னைப் பாத்துச் சிரிச்சதே இல்ல. நான் வேற அதைப் பாத்து, சரி, இவ நல்லாத்தான் இருக்கறா இன்னிக்குன்னு சந்தோசமா உக்காந்திருக்கறேன். அரை மணி நேரம். ஒரு மணி நேரம். சோறு காஞ்சு வெடிச்சுப் போச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க. இவ ஒரு சொம்புத் தயிர்ல மறைச்சுட்டா.

அந்தச் சட்டியை நான் இன்னும் கழுவலீங்க. அப்படியே வெச்சிருக்கறேன். வந்து அவளே கழுவட்டும்.

அன்னையில இருந்து ஒண்ணு மட்டும் கத்துக்கிட்டேன். சிரிச்சுக்கிட்டே பொய் சொல்ற பொம்பளைய இப்பெல்லாம் நூறடி தள்ளி நின்னே கண்டுபுடிச்சிருவேன். இனிமே ஒருத்தியும் என்னை ஏமாத்த முடியாது.

நான் குடிக்கறவன் இல்லீங்க. ஊருக்குள்ள வந்து ஆரை வேணாலும் கேளுங்க. பீடி மட்டுந்தான். சம்பளத்தைக் கொண்டாந்து அப்படியே கையில குடுத்தவன். அடிச்சேன்னு சொல்றா. எந்த வீட்டுல இல்லீங்க? அடிக்கிற கைதானுங்க அணைக்கும். கை ஒடிஞ்சது நெசந்தான், அது கதவு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேக்கறப்ப அவளே அவ வாயாலதான் சொன்னா, கதவுல மாட்டிக்குச்சுன்னு. நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன். பொறகு கோர்ட்டுல போயி மாத்திச் சொன்னா என்னங்க அர்த்தம்?

கோர்ட்டுல தின்னர் கதையையும் இழுத்தாங்க. அதையும் நானே சொல்லிர்றேன், இன்னொருத்தர் சொல்லிக் கேட்டா ஒண்ணு பத்தாத் தெரியும். அவ மேல ஊத்தலீங்க. தரையிலதான் ஊத்துனேன். அவ நின்ன எடத்தைச் சுத்தி. கொஞ்சம் சேலையில தெறிச்சுது, தெறிச்சதுக்கு நான் என்ன பண்றது? கையில தீப்பெட்டி இருந்துச்சுன்னு அவ வக்கீல் அதைப் பெருசா எழுதிட்டாரு. பீடி குடிக்கறவன் கையில தீப்பெட்டி இல்லாம என்ன இருக்கும்? பயப்படுத்தறதுக்குத்தானுங்க. பயம் இருந்தாத்தான குடும்பம்? குச்சியைக் கிழிக்கவே இல்லியே. கிழிச்சனா? நீங்களே சொல்லுங்க.

ஏனுங்க்கா, காத்து வேணும்ங்ளா? ஜன்னலைத் திறந்துக்குங்க. முந்தானையால மூக்கைப் பொத்தறீங்க. வெயில்ல கொஞ்சம் ஆவி வருமுங்க இது, ஒண்ணும் பண்ணாது.

சரி, விசயத்துக்கு வர்றேன். கோர்ட்டுல என்ன சொல்லிட்டாங்கன்னா, மாசத்துல ரெண்டாவது சனிக்கெழமை, ரெண்டு மணி நேரம், அங்கியே ஒரு ரூம்புல வெச்சுப் புள்ளையப் பாத்துக்கலாம். செவுத்துல யானை, ஒட்டகச்சிவிங்கின்னு வரைஞ்சிருக்கும். ஒரு மேடம் மூலையில உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பாங்க. புள்ளைய எங்க மாமனாருதான் கூட்டியாந்து விடுவாரு. மொத நாளே அந்தாளு என்னைப் பாத்துக் கேட்டாரு, ஆடு பகை, குட்டி உறவான்னு. கும்புட்டு வெச்சேனுங்க நான். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கறாங்கல்ல.

மேடம் ஒரு கண்டிசன் போட்டாங்க. புள்ளைகிட்ட எந்த ஊர்ல இருக்கறே, எந்த ஸ்கூலு, அம்மா எங்க வேலைக்குப் போறான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. சத்தியமாச் சொல்றேன், நான் கேக்கவே இல்ல. கோர்ட்டு சொன்னதை மீறுனதே இல்லீங்க நானு.

அவ வந்தா இந்தப் பொம்மையோடதான் வருவா. ரெண்டு மணி நேரமும் இதை வெச்சுத்தான் வெளையாட்டு. ஆனா பாருங்க, எப்பவும் ஹெலிகாப்டராவேதான் வெச்சிருப்பா. ரோபோவா மாத்து கண்ணு, அப்பா பாக்கட்டும்னா மாட்டேங்கறா. ஏன் சாமின்னா, "ரோபோவுக்குக் கோவம் வரும்ப்பா. ஹெலிகாப்டருக்கு வராது"ங்கறா. எனக்குச் சிரிப்புத் தாங்கல. அந்த மேடம் சிரிக்கவே இல்ல, குனிஞ்சு என்னமோ எழுதிக்கிட்டாங்க. புள்ளைங்க பேச்சுல என்னத்தை எழுதறதுக்கு இருக்குதுன்னு தெரியல.

ஒரு நாளு கேட்டேன், உன்ற ஹெலிகாப்டர் எங்க கண்ணு போகும்னு. அம்மாவை ஏத்திக்கிட்டு நெம்ப தூரம் போகும்னா. அப்பாவைக் கூட்டிட்டுப் போக மாட்டியான்னேன். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ரெண்டு சீட்டுதாம்ப்பா இருக்குது"ன்னுட்டா.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. ஆறு வயசுப் புள்ளைக்கு இதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்திருப்பா? அவதான். வேற ஆரு?

பின்னால ஒரு சீட்டுக் காலியாச்சா? பரவால்லீங்க, நான் இங்கியே நின்னுக்கறேன். பேச்சு விட்டுப் போயிரும்.

போன சனிக்கெழமை என்ன ஆச்சுன்னா, றெக்கை சுத்த மாட்டேங்குதுன்னு பொம்மையை நீட்டுனா. உள்ள சுண்டுவெரல் தண்டிக்கு ஒரு குட்டி மோட்டார் இருக்குது. பட்டனை அமுத்துனா றெக்கை சுத்தும். நமக்கு அதுதான தொழிலு, சட்டைப் பையில டெஸ்டர் எப்பவும் இருக்கும். அங்கியே நாலு ஸ்க்ரூவையும் கழட்டித் திறந்தேன். திறந்தா, உள்ள ஏற்கெனவே ஆரோ கை வெச்சிருக்கறாங்க. ஒயர் அந்து போயி, மறுபடியும் சேத்துக் கட்டியிருக்குது. ஆரு கண்ணு பண்ணுனான்னு கூடக் கேக்கல. அவளாச் சொல்றா, கடை மாமா செஞ்சு குடுத்தாங்கன்னு. அவ்வளவுதான் அவ சொன்னது.

அக்கா, நீங்க சோறாக்கறீங்க. உங்க குழம்பையும் உங்க நாத்தனாரு குழம்பையும் நாக்குல வெச்சதும் தெரிஞ்சுரும்ல? காயில் கட்டறவன் கையும் அப்படித்தான். ஒயரை முறுக்கற முறுக்கு, நூலைக் கட்டற முடிச்சு, ஆளுக்கு ஆளு மாறும். இதுல பாத்தா முறுக்கு அத்தனையும் எடக்கைப் பக்கமாப் போகுது. நூலு மூணு சுத்து, நாலாவது சுத்து அடியில நுழைச்சு இழுத்திருக்குது. மேல வார்னீஷுக்குப் பதிலா நகத்துக்குப் போடற செவப்புச் சாயம் ஒரு சொட்டு. பாத்ததுமே தெரிஞ்சு போச்சுங்க. இப்படிக் கட்டறவன் இந்தச் சீமையிலயே ஒருத்தன்தான். காளியப்பன்.

என்ற கூட ஒரே பட்டறையில நாலு வருசம் வேலை பாத்தவன். எடக்கைக்காரன். எனக்குக் கண்ணாலம் ஆகறதுக்கு முந்தியே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். சும்மா ஒரு பேச்சுல சுத்தியலை வீசுனேன், அவன் மேல படக்கூட இல்ல, பக்கத்துலதான் விழுந்துச்சு. அதுக்குப் போயி மறுநாளே கணக்கை முடிச்சுட்டுக் கெளம்பிட்டான். ரோசக்காரனாமா. வேலாங்காட்டுல சந்தைக்கடை ஓரமாத் தனியாக் கடை போட்டிருக்கறான்னு பின்னால கேள்விப்பட்டேன். பூங்கொடிக்கு அவனைத் தெரியாது, அவனுக்கு இவளைத் தெரியாது. அந்த ஊர்ல ரிப்பேர்னா அவன் ஒருத்தன்தான், போயிக் குடுத்திருக்கறா பாவம்.

பாத்தீங்ளா! போலீஸ்ல ஊர்ப் பேரை மறைச்சாங்க, கோர்ட்டுல அட்ரஸை மறைச்சாங்க, மாமனாரு மூணு பஸ்ஸு மாறி மாறிப் போறாரு நான் பின்னால வந்துருவேன்னு. கடைசியில ஒரு முடிச்சுல மாட்டிக்கிட்டா. புள்ளைகிட்ட நான் கேக்கலியே. முடிச்சுத்தானுங்க சொல்லுச்சு.

இருந்தாலும் நான் நிதானமான ஆளு. முந்தாநேத்து வேறொருத்தர் போனுல காளியப்பனைக் கூப்புட்டேன். கொரலெல்லாம் மறந்துட்டான். அண்ணா, ஹெலிகாப்டர் பொம்மை ரிப்பேர் பண்ணுவீங்ளான்னேன். பண்ணுவேனே, இப்பத்தான் ஒண்ணு பண்ணுனேன், ஸ்கூல் சந்துல குடியிருக்கற புள்ள குடுத்துச்சு, கம்பெனிக்குத் தைக்கப் போற புள்ள, பள்ளிக்கூடம் விட்டதும் வந்து கொழந்தையக் கூட்டிட்டுப் போகறப்ப வாங்கிட்டுப் போச்சுன்னு அவனாச் சொல்றான். பெருமை அவனுக்கு. வழியும் அவனே சொன்னான், பாலம், தண்ணித்தொட்டி, எல்லாம். நல்லவன்தான்.

பொம்மை எப்படி என்ற கைக்கு வந்துச்சுன்னு கேக்கறீங்ளா? அன்னிக்கே நாந்தான் வாங்கி வெச்சுக்கிட்டேன், அப்பா நல்லாச் செஞ்சு கொண்டாரேன்னு. புள்ள குடுக்க மாட்டேன்னு ஒரே அழுகை. வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. மேடம் எந்திரிச்சு வந்துட்டாங்க. ரிப்பேருக்குத்தானுங்க மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அஞ்சு நாளு உக்காந்து சரி பண்ணியிருக்கறேன். றெக்கை இப்பச் சுத்துமான்னா, இல்லீங்க, றெக்கையை எடுத்துட்டேன். தோள்ல ரெண்டு ஸ்க்ரூவை இறுக்கி, மடிப்புல பசையும் ஊத்திட்டேன். இழுத்துப் பாருங்க, எவ்வளவு வேணாலும் இழுங்க. அசையாது. இனிமே இது ஹெலிகாப்டர் ஆகாதுங்க. ரோபோவாவே நிக்கும். அப்பாவைப் பாத்துப் பயப்படாமப் பழகோணும்ல புள்ள? எங்கியும் பறந்து போக வேண்டாம். மூணு பேரும் ஒரே எடத்துல இருந்துக்கலாம்.

பையில போட்டுருங்க. அப்படியே, பாட்டிலுக்குப் பக்கத்துல.

என்ன பண்ணப் போறீங்கன்னு இப்பத்தான் ஒரு கேள்வி கேட்டிருக்கறீங்க. சண்டை போட மாட்டேனுங்க. பள்ளிக்கூட வாசல்ல நிப்பேன். அவ வருவா. புள்ள வெளிய வரும். மூணு பேரும் ஒண்ணா நிக்கறப்ப ஒரே ஒரு வார்த்தை கேப்பேன், வர்றியா இல்லியான்னு. வந்துட்டா நல்லது. வரலீன்னா... அதெல்லாம் இப்ப எதுக்குங்க, நல்ல வார்த்தையே பேசுவோம். பாட்டிலு சும்மாதான் வருது. ஆனா ஒண்ணு, இன்னிக்குப் பேசி முடிச்சிருவேன். நாளைக்குன்னு வெக்க மாட்டேன். வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுத்தான் வந்தேன். கோழி ரெண்டு இருந்துச்சு, அதையும் அவங்களுக்கே குடுத்துட்டேன்.

என்னங்க கண்டக்டரைக் கூப்புட்டு? காதுக்குள்ள என்னமோ சொன்னீங்க? பாக்கிச் சில்லறையா. அதான பாத்தேன். இவனுக கேட்டாத்தான் குடுப்பானுக.

இப்பத்தானுங்க நீங்க சிரிச்சுப் பாக்கறேன். ஏறுனதுல இருந்து மூஞ்சி வாட்டமாவே இருந்துச்சு. எனக்கும் மனசு லேசாயிருச்சு. பொம்பளைங்கன்னா எல்லாருமே பூங்கொடியாட்ட இருக்க மாட்டாங்கல்ல. நீங்க எவ்வளவு பொறுமையாக் கேட்டீங்க, நடுவுல ஒரு வார்த்தை குறுக்க பேசல.

இதுவா? இந்த ஸ்டாப்புங்ளா? பாலம் வரலியேங்க்கா? ஓ... பாலத்துல வேலை நடக்குதா, பஸ்ஸு சுத்துவழியில வந்துருச்சா. தண்ணித்தொட்டி? அந்தப் புளியமரத்துக்குப் பின்னால. சரிங்க. நீங்களும் இங்கதான எறங்கோணும்? அடுத்த ஸ்டாப்பு உங்களுக்குக் கிட்டவா, சரி சரி. மணி மூணே அம்பதுதான ஆச்சு, நல்லதாப் போச்சு. பையைக் குடுங்க.

கூட்டத்துல பையோட எறங்க முடியாதுங்கறீங்ளா? அதுவும் சரிதான், பாட்டிலு இடிபட்டுரும். மொதல்ல எறங்கிக்கறேன், ஜன்னல் வழியாக் குடுங்க. நெம்ப நன்றிங்க்கா. வழி விடுங்க, எறங்கோணும். கண்டக்டரே, விசிலு குடுத்துராதீங்க, ஒரு நிமிசம்.

ஆ, எறங்கிட்டேன். குடுங்க்கா.

அக்கா. ஜன்னலை ஏன் சாத்தறீங்க? பையைக் குடுங்க. அக்கா! பையி! ஏய், நிறுத்துய்யா! என்ற பையி உள்ள இருக்குது! புள்ளையோட பொம்மைங்க்கா! அக்கா...

ஏனுங்ணா, தண்ணித்தொட்டி எங்கீங்க? அந்தப் புளியமரத்துக்குப் பின்னாலன்னு சொன்னாங்க. வேலாங்காடு இதுதானுங்ளே? இல்லியா? இன்னும் பதினோரு மைலா? அடுத்த பஸ்ஸு அஞ்சரைக்கா?

இல்லீங்ணா, நானாத் தப்பா எறங்கல. என்ற பையை மடியில வெச்சுக்கிட்டு வந்த ஒரு பொம்பளைதான் சொன்னா. என்ற மூஞ்சியைப் பாத்து, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.